ஆலிவ் பாட்டிக்கு ஒரு மருமகளின் கடிதம்

அன்புள்ள ஆலிவ் பாட்டிக்கு,

வணக்கம். நீங்கள் போய் 160 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. உங்கள் மாமனார் டேனியல் பூனைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் உண்டு. கென்டக்கிக் காட்டுக்கு வழி வெட்டியவர், துப்பாக்கியும் கையுமாகத் திரிந்தவர் என்று அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் அவரைத் தெரியும். அவருடைய கடைசி மகன் நேத்தனைக் கட்டிக்கொண்டு வந்த உங்களிடம் பேசத்தான் எனக்கு ஆசை.

1851 இலையுதிர் காலத்தில், மிசௌரியில் ஆஷ் குரோவ் பக்கத்தில் இருந்த உங்கள் மரவீட்டுக்கு லைமன் டிரேப்பர் என்றொரு மனிதர் வந்தார், ஞாபகம் இருக்கும். பழைய குடியேறிகளின் கதைகளைச் சேகரிப்பதே வாழ்க்கை என்று அலைந்தவர். நேத்தனுக்கு அப்போது 70 வயது, உங்களுக்கு 68. உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு 300 பக்கத்துக்கு மேல் எழுதிக்கொண்டு போனார். பூனின் வரலாற்றைப் புத்தகமாக்கப் போகிறேன் என்றவர், சாகும்வரை அதை முடிக்கவே இல்லை. ஆனால் காகிதம் பிழைத்துவிட்டது. விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் நகரத்து வரலாற்றுக் கழகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

அதில் பேச்சு முக்கால்வாசி நேத்தனுடையது. நடுவில் எங்காவது உங்கள் குரல் வந்தால் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். காரணம் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கு அவருடைய தாத்தா எந்த ஊரிலிருந்து கிளம்பி வந்தார் என்பது தெரியாது. எனக்குத் தெரியும். என் மாமியார் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னது. வீட்டில் பிறந்தவர்களுக்கு வீட்டுக் கதை காற்று மாதிரி, அது இருப்பதே தெரியாது. வந்து சேர்ந்தவள்தான் யார், எவர், ஏன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நீங்கள் வந்து சேர்ந்த கதையே ஒரு கதை. 1799. பூன் குடும்பம் கென்டக்கியை விட்டு மூட்டை கட்டி, அப்போது ஸ்பெயின் ஆட்சியில் இருந்த மிசௌரிப் பக்கம் கிளம்பிவிட்டது. கூடப் போன 18 வயது நேத்தன் பாதி வழியில் திரும்பி ஓடி வந்து, 16 வயதான உங்களைக் கல்யாணம் செய்துகொண்டார். அப்புறம் புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் குதிரையில் அத்தனை தூரம். செயின்ட் சார்லஸில் மிசௌரி ஆற்றைச் சின்னப் படகில் கடந்தபோது நேத்தன் துடுப்புப் போட்டார், நீங்கள் படகைத் திருப்பிக்கொண்டு, கூடவே நீந்தி வந்த குதிரையின் கடிவாளத்தையும் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். புகுந்த வீடு என்று சொல்ல அங்கே வீடே கிடையாது. இனிமேல்தான் கட்ட வேண்டும்.

ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அது பழக்கம்தானே. நேத்தனின் தாத்தா ஸ்குவயர் பூன் இங்கிலாந்தில் டெவன் பகுதியில் பிறந்து, 1713இல் கப்பலேறிப் பென்சில்வேனியா வந்தவர். குவேக்கர் என்ற கிறித்தவ சபைக்காரர். மூத்த மகள் சபைக்கு வெளியே மணம் முடித்தபோது மன்னிப்புக் கேட்டுச் சமாளித்தார். அடுத்து மகன் இஸ்ரேலும் அதையே செய்தபோது இனிக் கேட்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். சபை அவரை விலக்கி வைத்தது. எங்கள் ஊரில் இதற்கு ஊர்விலக்கம் என்று பெயர். பெயர் வேறே தவிர மனக்கசப்பு ஒன்றுதான். 1750இல் இருந்ததை விற்றுவிட்டு வட கரோலினாவின் யாட்கின் ஆற்றங்கரைக்குப் போனார்கள். (அதே பென்சில்வேனியா வட்டாரத்தில் பூன் வீட்டுப் பெண் ஒருத்தியை லிங்கன் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். ஆமாம், பின்னாளில் ஜனாதிபதியான அந்த லிங்கனின் வம்சம்தான். சம்பந்தம் பேசிய இரண்டு வீட்டாருக்கும் இது அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை.)

யாட்கினில்தான் 1756இல் உங்கள் மாமியார் ரெபெக்கா வந்து சேர்ந்தார். பத்துப் பிள்ளைகள். புருஷன் வேட்டைக்குப் போனால் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வரமாட்டார். உழுதது, அறுத்தது, நூற்றது எல்லாம் அந்த அம்மாள்தான். வீரர் காட்டில் இருந்தார் என்று எல்லாரும் எழுதுகிறார்களே, வீட்டில் அத்தனை வயிற்றையும் நிரப்பியது யார் என்று கேட்டால் இந்தக் கதையின் எடையே மாறிவிடும்.

1773 அக்டோபர் பற்றி அந்த அம்மாள் உங்களிடம் எப்போதாவது பேசினாரா? கென்டக்கிக்குக் குடியேற முதல் முறை கிளம்பிய நேரம். மூத்த மகன் ஜேம்ஸுக்கு 16 வயது. சாமான் எடுத்துவரப் பின்தங்கிய சிறு கூட்டத்தோடு ராத்திரி தங்கியிருந்தான். விடிவதற்குள் பூர்வகுடி வீரர்கள் சூழ்ந்துவிட்டார்கள். வந்தவர்களில் ஒருவனை ஜேம்ஸுக்கு ஏற்கெனவே தெரியும். பெயர் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான். சித்திரவதை செய்துதான் கொன்றார்கள். செய்தி வந்ததும் ரெபெக்கா பெட்டியைத் திறந்து லினன் விரிப்புகளை எடுத்துக் கொடுத்து அனுப்பினார், பிள்ளையைச் சுற்றிப் புதைக்க. புது மண்ணில் வீடு கட்டலாம் என்று எடுத்து வைத்த துணி அது. குடும்பம் அந்த முறை கென்டக்கியை எட்டவே இல்லை.

இதை எழுதும்போது எதிர்த்தரப்பை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 1768இல் ஸ்டான்விக்ஸ் கோட்டையில் வெள்ளைக்காரர்களுக்கு அந்த நிலத்தை எழுதிக் கொடுத்தது இரோக்வாய் என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பு. அதை வேட்டைக்காடாக வைத்திருந்த ஷானி என்ற வேறொரு பூர்வகுடி மக்களை யாரும் கேட்கவில்லை. பத்திரத்தில் கையெழுத்து ஒருத்தருடையது, காடு இன்னொருத்தருடையது. ஜேம்ஸ் செத்தது அந்தப் பத்திரத்தால்தான் என்று சொன்னால் நீங்கள் கோபிப்பீர்களோ என்னவோ.

அதே ஷானி மக்களிடம் 1778இல் உங்கள் மாமனார் சிறைப்பட்டார். தலைவர் பிளாக்ஃபிஷ் அவரைச் செத்துப்போன தன் மகனின் இடத்தில் தத்தெடுத்து, ஷெல்டோவீ, அதாவது பெரிய ஆமை என்று பெயரும் வைத்தார். நாலு மாதம் கழித்துத் தப்பி, 160 மைல் தூரத்தைச் சில நாட்களிலேயே கடந்து பூன்ஸ்பரோ கோட்டைக்கு வந்தால், வீடு காலி. செத்துவிட்டார் என்று முடிவுகட்டி ரெபெக்கா பிள்ளைகளோடு பிறந்தகத்துக்குப் போய்விட்டிருந்தார். காத்திருந்தவள் ஜெமைமா மட்டும்தான். 13 வயதில் தானே கடத்தப்பட்டு, அப்பாவால் மீட்கப்பட்ட உங்கள் நாத்தனார். 1780இல் உங்கள் மாமனாரின் அண்ணன்தம்பிகளில் ஒருவர் போனார். 1782இல் புளூ லிக்ஸ் சண்டையில் மகன் இஸ்ரேல், 23 வயது, தகப்பன் கண்முன்னே. நேத்தன் அப்போது ஒரு வயதுக் குழந்தை. அண்ணனின் முகம்கூட அவருக்குத் தெரியாது.

இவ்வளவும் கொடுத்து வாங்கிய நிலம் கையில் தங்கியதா என்றால் அதுவும் இல்லை. கென்டக்கியில் அரசாங்கம் முதலில் அளந்து எல்லைக்கல் நடவில்லை. அவரவர் வந்து இந்த மரம் முதல் அந்த ஓடைவரை என்று எழுதிக்கொண்டார்கள். ஒரே நிலத்துக்கு மூன்று பேர் பத்திரம் வைத்திருந்தார்கள். உங்கள் மாமனாரே அளவைக்காரர். ஊருக்கு அளந்து கொடுத்தவருக்குத் தன் நிலத்தின் காகிதத்தைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. வழக்கு மேல் வழக்கு. 1798இல் சாட்சி சொல்ல வரவில்லை என்று அவரைப் பிடிக்க வாரண்ட் போட்டார்கள். அதே வருடம் அதே கென்டக்கி ஒரு மாவட்டத்துக்குப் பூன் என்று பெயரும் வைத்தது! படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன், மன்னியுங்கள்.

மிசௌரியிலும் அதே கதைதான். ஸ்பெயின்காரர்கள் கொடுத்த 1000 ஆர்பென்ட், ஏறக்குறைய 850 ஏக்கர், 1803இல் அந்தப் பகுதி அமெரிக்காவுக்குக் கைமாறியதும் செல்லாமல் போனது. 1814இல் அமெரிக்கக் காங்கிரஸ் திருப்பிக் கொடுத்தது. பழைய கென்டக்கிக் கடன்காரர்கள் வாசலில் நின்றதால் அதில் பெரும்பகுதியை விற்றார். ரெபெக்கா அதைப் பார்க்கவில்லை. 1813 மார்ச்சிலேயே போய்விட்டார்.

கடைசிக் காலத்தில் மாமனாரைப் பார்த்தது உங்கள் வீடு. தனக்கான சவப்பெட்டியை முன்கூட்டியே செய்து வைத்து, எடுத்துத் துடைத்து மெருகேற்றுவாராம். இன்றைக்குப் படங்களில் தலையில் வால் தொங்கும் ரக்கூன் தோல் குல்லாயோடு அவரைப் போடுகிறார்கள். அப்பாவுக்கு அந்தக் குல்லாயே பிடிக்காது, தொப்பிதான் போடுவார் என்று நேத்தன் டிரேப்பரிடம் சொல்லியும் எடுபடவில்லை. 1820 செப்டம்பர் 26 அன்று, ஆஷ் குரோவ் மரவீட்டுக்கு முன்பு நீங்கள் இருந்த கல்வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. 1845இல் கென்டக்கிக்காரர்கள் வந்து அவர் எலும்பையும் ரெபெக்காவின் எலும்பையும் தோண்டித் தங்கள் தலைநகர் ஃபிராங்ஃபர்ட்டுக்கு எடுத்துப் போனார்கள். வாரண்ட் போட்ட ஊருக்கே.

ஒரு வருத்தம் மட்டும் உங்களிடம் உண்டு, பாட்டி. 1787இல் உங்கள் மாமனாரிடம் ஏழு அடிமைகள் இருந்தார்கள். ஆஷ் குரோவில் உங்கள் வீட்டிலும் அடிமைகள் உண்டு. அவர்களைப் புதைத்த இடம் இப்போதும் அந்த நிலத்தில் இருக்கிறது. குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தது வரை ஞாபகம் வைத்துச் சொன்ன நீங்கள் 14 பிள்ளைகள் பெற்றீர்கள். அந்த 14 பிரசவத்துக்கும் உங்களுக்கு வெந்நீர் வைத்தவள் யார்? அவளுக்கு எத்தனை பிள்ளைகள், அவளுடைய அம்மா எந்த ஊர்? டிரேப்பர் கேட்கவில்லை, தெரியும். அவர் கரடிக் கணக்கும் சண்டைக் கணக்கும் கேட்க வந்தவர். நீங்களாவது, அவர் பேனாவை மூடுவதற்கு முன்னால், அவள் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாதா?

இப்படிக்கு,
இன்னொரு வீட்டு மருமகள்