ராத்தங்க இடம் கொடுக்காத சாபம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இரத்தக் காட்டேரிகளை வைத்து ஆடும் கதை விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மற்றக் காட்டேரிக் குலங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பத்தி கொடுத்த கட்டுரையாளர், ராவ்னோஸ் குலம் வந்ததும் ஊர் ஊராகத் திரியும் மாயவித்தைக்காரத் திருடர்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த வயதில் எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்றால், பேரன் வழியாகத்தான். கல்லூரி விடுமுறைக்குக் காரைக்குடிக்கு வந்தால் அவனும் நான்கு நண்பர்களும் எங்கள் வீட்டு முகப்பில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வட்டமாக உட்கார்ந்து பத்து முகப் பகடையை உருட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு பையன் கதை சொல்லுவான், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். 'வேம்பயர்: தி மாஸ்கரேட்' என்று 1991இல் அமெரிக்காவில் வந்த விளையாட்டு. அதையே 1197ஆம் ஆண்டில் நடப்பதாக மாற்றி 1996இல் ஒரு சரித்திரப் பதிப்பு போட்டார்களாம். இந்தப் பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து பாண்டிய நாட்டில் இறக்கிவிட்டார்கள். சோழ நாட்டில் மூன்றாம் குலோத்துங்கன் ஆண்டுகொண்டிருந்த சமயம். பேரன் எடுத்துக்கொண்டது ராவ்னோஸ். "அப்பத்தா, இவங்க பூர்வீகம் இந்தியாதான்" என்றான். அப்புறம் நானும் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் குலத்துக்கு உள்ள சக்தி பொய்த்தோற்றம் காட்டுவது. முதல் படியில் ஒரு புலனை மட்டும் ஏமாற்றலாம். விளக்கு எரிவது தெரியும், கையை வைத்தால் சுடாது. அடுத்த படியில் எல்லாப் புலன்களும் நம்பும். அதற்கு மேல் தோற்றம் அசையும், நிலைத்து நிற்கும். கடைசிப் படியில், நெருப்பு எரிகிறது என்று ஒருவன் முழுக்க நம்பிவிட்டால் அவன் உடம்பே வெந்துபோகும். மற்றக் குலத்துக் காட்டேரிகள் இவர்களைக் கண்டாலே விரட்டுவார்கள், சபையில் சேர்க்க மாட்டார்கள். 1999இல் வந்த கதைகளில் இவர்களுடைய மூதாதை வங்கதேசத்தில் விழித்தெழுந்து போரிட்டு அழிய, குலத்தார் வெறிபிடித்து ஒருவரை ஒருவர் கொன்று, ஏறக்குறைய எல்லோருமே மாண்டுபோனார்கள்.

என்னை உறுத்தியது இவர்களுக்கு வைத்திருந்த குறைபாடு. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு சாபம் உண்டு. பழைய விதிகளில் ராவ்னோஸ் குலத்துச் சாபம், திருட்டோ ஏமாற்றோ ஏதோ ஒரு தீய பழக்கத்தை அடக்க முடியாமல் போவது. இரத்தத்திலேயே அது வருகிறது என்று அர்த்தம். 2020இல் வந்த புதிய விதிகளில் அதை எடுத்துவிட்டு வேறு வைத்திருக்கிறார்கள். படுத்த இடத்திலேயே ஏழு இரவுக்குள் மறுபடி பகலுறக்கம் கொண்டால் உள்ளிருந்து நெருப்புப் பற்றக்கூடும். ஆக, போய்க்கொண்டே இருந்தாக வேண்டும். பேரன் இதை வாசித்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. ஏன் என்று சொல்கிறேன்.

1965 வாக்கில் நான் சின்னப் பெண். காரைக்குடிக்குப் பக்கத்தில்தான் எங்கள் அப்பச்சி ஊர். ஒரு கோடையில் வித்தைக்காரக் குடும்பம் ஒன்று வந்தது. புருஷன், பெண்டாட்டி, இடுப்பில் ஒரு பிள்ளை, என் வயதில் ஒரு பெண். என்ன சமூகம், என்ன பாஷை என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. வித்தைக்காரன் என்பதுதான் அவருக்குப் பெயர். வாசலில் சாக்கை விரித்து மூன்று மரச் செப்புகளைக் கவிழ்த்தார். ஒவ்வொன்றும் ஓர் எலுமிச்சம்பழம் கொள்ளும். கைபட்டுக் கைபட்டு விளிம்பெல்லாம் தேய்ந்து எண்ணெய் பூசினது போல இருக்கும். அந்தப் பெண் உடுக்கை அடிக்க, துணிப்பந்து ஒரு செப்பில் போய் இன்னொன்றில் வந்தது. என் உள்ளங்கையில் ஒரு பாசிமணியை அழுத்தி மூடச் சொன்னார். திறந்தால் புளியங்கொட்டை! நான் பயந்து கையை உதறினேன். ஆத்தாவும் அப்பத்தாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு அந்தப் பெண்தான் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "எங்கப்பா வாயைப் பார்த்தீங்க, கையைப் பார்க்கல." அப்போது அவள் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையின் விரலிடுக்கில் ஒரு புளியங்கொட்டை. பிள்ளை திமிறியது, இவள் அதட்டினாள், முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டாள். அவ்வளவுக்கும் அந்தக் கொட்டை விழவில்லை. சோறூட்டும் நேரத்தில்கூட விரலைப் பழக்கிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

ஆத்தா ஒரு படி அரிசி போட்டார்கள். அப்பத்தா பழைய சேலை ஒன்று கொடுத்தார்கள். எல்லாம் நல்ல மனதோடு செய்ததுதான். பொழுது சாய்ந்தது. எங்கள் ஐயா திண்ணையில் இருந்தபடியே காவல்காரரைக் கூப்பிட்டு, "இருட்டுறதுக்குள்ள எல்லையத் தாண்டச் சொல்லு" என்றார்கள். அது ஒன்றும் அன்றைக்குப் புதிதாகப் போட்ட உத்தரவு இல்லை. வித்தைக்காரர் யார் வந்தாலும் பகலில் வித்தை காட்டலாம், ராத்தங்கக் கூடாது. மறுநாள் காலையில் தண்ணீர் எடுக்கப் போனவர்களோடு நானும் ஊரணிக்குப் போனேன். கரையில் மூன்று கல், தண்ணீர் ஊற்றி அணைத்த சாம்பல், அதன்மேல் சிந்திக் கிடந்த அரை வேக்காட்டுச் சோறு. நாங்கள் கொடுத்த அரிசியை எங்கள் ஊரில் வேகவைக்க விடவில்லை. கொதிக்கிற பானையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் நடந்திருக்கிறார்கள். அன்றைக்கு ஊரில் ஒரு சாமான் காணாமல் போகவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

பிறப்பிலேயே திருட்டு வரும் என்று விளையாட்டுக்காரர்கள் மட்டும் எழுதவில்லை. 1871இல் ஆங்கில அரசாங்கம் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று அதையே சட்டமாகப் போட்டது. 1911இல் அது நம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பட்டியலில் சேர்த்த சமூகத்தார் கைரேகை வைக்க வேண்டும், ராத்திரியானால் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். ரேகைச் சட்டம் என்றால் மதுரைப் பக்கத்தில் இன்றும் பெரியவர்களுக்குத் தெரியும். ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி 16 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் நாடோடிகளும் அல்ல, நிலத்தில் பாடுபட்டவர்கள். 1947இல் இங்கே அந்தச் சட்டம் போனது. 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுவதும் அந்தப் பட்டியலை எடுத்தார்கள். நான் சொன்ன ஊரணிக்கரை அதற்கும் பதின்மூன்று வருஷம் பிந்தியது.

இன்றைக்கும் குறவர், நரிக்குறவர் இருவரையும் ஒன்றாக எண்ணிப் பேசுகிறோம். குறவர் குறிஞ்சி நிலத்துத் தமிழர். நரிக்குறவர் பேசும் வாக்ரி, குஜராத்திப் பக்கத்து மொழி. ஊசி, பாசி விற்க நம் வாசலுக்கு எத்தனை முறை வந்திருப்பார்கள்! 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது.

ராவ்னோஸ் குலத்துக்கு அச்சாக வைத்துக்கொண்டது ஐரோப்பாவின் ரோமா மக்களை. அவர்களும் இங்கிருந்து போனவர்கள்தாம். அவர்கள் மொழியிலும் தண்ணீர் 'பானி', மூக்கு 'நாக்'. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று தப்பாக நினைத்து ஜிப்ஸி என்று பெயர் வைத்தார்கள். 1530இல் இங்கிலாந்தில் இவர்களை நாட்டைவிட்டே துரத்தச் சட்டம் போட்டார்கள். ருமேனியப் பகுதியில் 1850கள் வரை அடிமைகளாக வைத்திருந்தார்கள். ஹிட்லர் ஆட்சியில் கொல்லப்பட்டவர்கள் 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். இப்படிப்பட்ட ஜனத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டு, திருட்டு அவர்கள் இரத்தத்தில் உண்டு என்று விளையாட்டாகக்கூட எழுதலாமா? சரி, அவர்களாவது பிறகு திருத்திக்கொண்டார்கள். உங்கள் கட்டுரையாளர் திருத்துவதற்கு முந்தியதையே மறுபடி எழுதிவிட்டார்.

நாங்கள் நகரத்தார். காவிரிப்பூம்பட்டினத்தில் சோழ ராஜா செய்த கொடுமை தாங்காமல் பாண்டிய நாட்டுக்கு வந்தோம், இங்கே ஒன்பது கோயில் கிடைத்தது என்று பரம்பரையாகச் சொல்லிக்கொள்கிறோம். குழந்தைக்குக்கூடப் பெருமையாகத்தான் சொல்லுவோம். எங்களுக்கு ஒரு பாண்டியன் தங்க இடம் கொடுத்தான். அந்த நன்றியை ஊரணிக்கரையில் சோறு பொங்கியவர்களிடம் எங்களால் காட்ட முடிந்திருக்கும். காட்டவில்லை. என் ஐயாவை நான் தெய்வமாக நினைக்கிறேன், இருந்தும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். சரித்திர மாயக்கதைகளை நீங்கள் விரும்பி வெளியிடுகிறீர்கள், நானும் விரும்பிப் படிக்கிறேன். காட்டேரி வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. காட்டேரியைக் குலதெய்வமாக வைத்துப் பொங்கல் இடுகிறவர்கள் நம் நாட்டில் உண்டே. கண்கட்டு வித்தைக்காரக் கூட்டம் ஒன்றும் கதையில் வரட்டும். அந்தக் கூட்டத்துக்கு ஒரு பாஷை கொடுங்கள். விரலைப் பழக்கும் ஒரு பெண்ணைக் கொடுங்கள். எந்த ஊர் எல்லையில் யார் சொல்லி அவர்கள் அடுப்பை அணைத்தார்கள் என்று, சொன்னவரின் திண்ணை தெரியும்படி எழுதச் சொல்லுங்கள்.

போன சனிக்கிழமை ஆட்டத்தில் பேரனுடைய ஆள் விடியும் தறுவாயில் ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தான். பின்னால் துரத்துகிறவர்கள் இருக்கிறார்கள், சூரியன் வந்தால் செத்துவிடுவான். எங்கே படுக்கப் போகிறாய் என்று கதை சொல்லும் பையன் கேட்டான். பேரன் யோசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். நம்ம வீட்டில் வளவை, அதாவது உள்முற்றத்தைத் தாண்டி உள்ளறை இருக்கிறது, சன்னலும் கிடையாது, இன்றைக்குப் பகல் அங்கே படுத்துக்கொள்ளட்டும் என்றேன்.

இப்படிக்கு,
ஓர் ஆச்சி,
காரைக்குடி