செப்புத் தகட்டு அச்சு என்று நம்பி வாங்கிய படம்: புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: அசல் அச்சோவியம் என்று சொல்லி நகலை அனுப்பியது, பணத்தைத் திருப்பிக் கேட்பது தொடர்பாக

ஐயா,

வணக்கம். சென்ற மாதம் உங்களிடம் ரூ. 38,500 கட்டி, காதல் தேவதை வீனஸையும் அவள் காதலன் அங்கைசீஸையும் காட்டும் ‘வீனஸும் அங்கைசீஸும்’ படத்தை வாங்கினேன். ரோமில் பார்னேசே மாளிகையின் விதானத்தில் இத்தாலிய ஓவியர் அன்னிபாலே கராச்சி 1597இல் தொடங்கித் தீட்டிய ஓவியங்களில் ஒன்று அது. அந்த ஓவியங்களைக் கார்லோ சேசியோ செப்புத் தகட்டில் செதுக்க, அதிலிருந்து அச்சிட்டு 1657இல் வெளியான தொகுதியின் அசல் தாள் இது என்று உங்கள் விவரக்குறிப்பு சொன்னது.

வந்தது அதுவல்ல.

வீனஸின் காலிலிருந்து அங்கைசீஸ் செருப்பைக் கழற்றுகிறான் பாருங்கள், எனக்குப் படத்தின் உயிரே அந்த இடம்தான். பக்கத்துப் பாதபீடத்தில் ‘கெனுஸ் உந்தே லத்தீனும்’ என்று இருக்கும். லத்தீன் இனம் பிறந்தது இந்த உறவிலிருந்து என்று பொருள். அதைப் படிக்கலாமே என்று, தபால்தலை பார்க்கும் லென்ஸைக் கண்ணாடிமேல் வைத்தேன். எழுத்தெல்லாம் வரிசை பிடித்த புள்ளிகள், செய்தித்தாள் போட்டோவைப் போல! செதுக்கிய தகட்டில் மை கோட்டுக்குள் நிற்கும். இப்படிப் பொடிப்பொடியாக உதிராது.

அதன் பிறகே பிரேமின் பின்தாளைக் கிழித்தேன். ‘தகட்டின் அழுத்தத் தடம் தெளிவாக உள்ளது’ என்று எழுதியிருந்தீர்கள். தகட்டை அழுத்தி அச்சடித்தால் அதன் ஓரம் தாளில் பள்ளமாகப் பதியும்; தடவிப் பார்த்தால் பள்ளமே இல்லை. தடத்தையும் சேர்த்துப் போட்டோ பிடித்து அச்சடித்திருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் தாள் வார்த்த சல்லடையின் கம்பி வரிகள் தெரியும்; இதில் ஒரு வரிகூட இல்லை. முன்புறம் ஓரமெல்லாம் பழுப்பு, முதுகோ வெள்ளை வெளேர்.

போன் செய்தபோது ‘பழைய பொருள் என்றால் அப்படித்தான் சார்’ என்றார் உங்கள் ஊழியர். மறுமுறை, ‘சீல் பிரிந்துவிட்டதே, திரும்ப எடுக்க முடியாது’ என்றார். முத்திரையிட்ட பிரேமுக்குள் இருப்பதை வேறு எப்படிப் பார்ப்பதாம்? நகல் என்று சொல்லி எண்ணூறு ரூபாய்க்குக் கொடுத்திருந்தால் சந்தோஷமாக வாங்கி மாட்டியிருப்பேன்.

முழுத் தொகையும், திருப்பி அனுப்பும் கூரியர் செலவும் 15 நாட்களுக்குள் என் கணக்கில் வர வேண்டும். தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்பேன். லென்ஸ் வழியே எடுத்த படங்களும் ரசீதும் இணைத்துள்ளேன். படம் நீங்கள் அனுப்பிய பெட்டியிலேயே இருக்கிறது. ஆள் அனுப்பினாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்