நடுவில் இருப்பவர் பிரிக்காத கடிதம்

மயிலாப்பூர், சென்னை-4
நவம்பர் 2025

அன்புள்ள வாத்தியாருக்கு,

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு உன் தங்கச்சி (இன்னமும் அவளை அப்படித்தானே கூப்பிடுகிறாய்) மாடிப்படி ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டாள். மழை வந்தால் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்பது மட்டும் மாறவில்லை. உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லீவில் போன டீச்சருக்குப் பதிலாக, பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கணினி வலையமைப்பு பற்றி நாலு வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டார்கள், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். சரித்திர வாத்தியாரை இதற்குக் கூப்பிட்டது எனக்கு ரொம்ப சந்தோஷம். பாடப் புத்தகம் லேன், வேன், ஸ்டார், ரிங், பஸ் என்று வலையமைப்பு வகைகளின் பெயர்களில் ஆரம்பிக்கும். அதை நாலாவது வகுப்புக்குத் தள்ளிவிடு. முதல் நாள் ஒரே ஒரு கேள்வி கேள்: செய்தியைக் கொண்டுபோகிறவருக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே தண்டோராவிலிருந்து இன்டர்நெட் வரை நடந்துவிடலாம்.

தண்டோரா போடுகிறவருக்குச் செய்தி முழுக்கத் தெரிந்தாக வேண்டும். அவர் குரல்தான் செய்தி. அந்த வேலை யார் தலையில் கட்டப்பட்டது என்பதையும் பிள்ளைகளிடம் சொல். 2022 ஆகஸ்டில்தான் தலைமைச் செயலாளர் எல்லா கலெக்டர்களுக்கும் எழுதி, அந்த வழக்கத்தை நிறுத்தச் சொன்னார். செய்தி எப்படிப் போனது என்று மட்டும் சொல்லிவிட்டு, யாரைக் கொண்டு போகவைத்தார்கள் என்பதை விட்டுவிட்டால் அது சரித்திரமாகாது. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1794-இல் பிரான்சில் க்ளோத் ஷாப் பாரிசிலிருந்து லீல் நகரம் வரை கோபுரம் கோபுரமாகக் கட்டினார். ஒவ்வொரு கோபுரத்தின் உச்சியிலும் மரக் கைகள். முந்தைய கோபுரத்தின் கைகள் எப்படி நிற்கின்றன என்று தொலைநோக்கியில் பார்த்து, அதே மாதிரி நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் நடுவில் இருப்பவர் வேலை. குறிகளின் பொருள் இரண்டு முனையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பிள்ளைகளை யோசிக்க விடு. இது அப்புறம் வேலைக்கு ஆகும்.

தந்தி வந்ததும் கதை திரும்பிவிட்டது. நம் நாட்டில் 1855-இல் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தந்தி ஆபீஸ் குமாஸ்தாவுக்கு யார் வீட்டில் சாவு, யாருக்கு வேலை கிடைத்தது எல்லாம் தெரியும். கொண்டுவந்து கொடுக்கிறவரே பல வீடுகளில் படித்தும் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அது இங்கிலீஷில் இருக்கும். 'ஃபாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி.' இங்கிலீஷ் தெரியாத ஒரு குடும்பம் தன் துக்கத்தை இன்னொரு குடும்பத்துக்கு இங்கிலீஷில்தான் சொல்லியாக வேண்டும்! 2013 ஜூலை 15-ஆம் தேதியோடு தந்தியை நிறுத்தினபோது எல்லோரும் உருகி உருகி எழுதினார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் நம் எழுத்துக்கு அதில் இடமே இல்லாமல் இருந்ததை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அப்புறம் டெலிபோன். சென்னையில் 1882-லேயே எக்ஸ்சேஞ்ச், அதாவது தொலைபேசி இணைப்பகம், வந்துவிட்டது. எழுபதுகளின் கடைசியில் நான் டெலிபோன் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தபோது இங்கே, இயந்திரமே இணைப்புக் கொடுக்கும் ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்ச்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த அறையை உனக்குக் காட்டியிருக்க வேண்டும். ஆள் உயர இரும்புச் சட்டங்கள், அவற்றில் வரிசை வரிசையாக செலக்டர்கள். ஒருவர் வீட்டில் 4 சுழற்றினால் இங்கே ஒரு தண்டு 'டக் டக் டக் டக்' என்று நாலு படி ஏறும்; பிறகு பக்கவாட்டில் திரும்பி, காலியாக இருக்கும் வழியைத் தேடிப் பிடிக்கும். அடுத்த எண்ணுக்கு அடுத்த தண்டு. காலை பத்து மணிக்கு ஆபீஸ்கள் திறந்ததும் அறை முழுக்க மழை பிடித்துக்கொண்ட மாதிரி இரைச்சல். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அது அடங்குவது காதுக்கே தெரியும். பழகின மெக்கானிக் ஒருவர் நடந்துகொண்டே, 'மூணாவது ராக்கில் ஒண்ணு மாட்டிக்கிட்டிருக்கு' என்று சொல்லிவிட்டுப் போவார். போய்ப் பார்த்தால் ஒரு செலக்டர் பாதியில் நின்றிருக்கும்.

அந்தத் தண்டுகள் என்ன செய்தன என்பதுதான் முக்கியம். உன் வீட்டிலிருந்து என் வீடு வரை ஒரு வழியைப் பிடித்து, பேசி முடிக்கும்வரை அதை நமக்கே நமக்கென்று வைத்திருந்தன. கும்பகோணத்துக்கு டிரங்க் கால் (வெளியூர் அழைப்பு) போட்டு நீ பேசாமல் மூச்சு வாங்கினாலும் அந்த வழி நமக்குத்தான். வேறு யாரும் தொட முடியாது. அந்த மௌனத்துக்கும் காசு. அதனால்தான் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தோம். புது டெலிபோனுக்கு மனுப் போட்டவர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டில் புத்தி எல்லாம் நடுவில், எக்ஸ்சேஞ்சில். வீட்டில் இருக்கும் கருவிக்கு ஒன்றும் தெரியாது.

அறுபதுகளில் இதைத் தலைகீழாக்கிய யோசனை இரண்டு பேருக்குத் தனித்தனியாக வந்தது. அமெரிக்காவில் பால் பாரன், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ். அணுகுண்டு விழுந்து பாதி எக்ஸ்சேஞ்ச்கள் போனாலும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பது பாரனின் கவலை. விலை உயர்ந்த கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது டேவிஸின் கவலை. விடை ஒன்றுதான்: வழியைப் பிடித்து வைக்காதே, செய்தியைத் துண்டு துண்டாக வெட்டு, ஒவ்வொரு துண்டின் மேலும் முகவரி எழுது, அது தானே வழி பார்த்துப் போகட்டும். அந்தத் துண்டுக்கு 'பாக்கெட்' என்று பெயர் வைத்தவர் டேவிஸ். பாரன் இதைச் சொன்னபோது அமெரிக்கத் தொலைபேசிக் கம்பெனி எஞ்சினியர்கள் நடக்காது என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பிடித்து வைத்த வழியிலேயே வளர்ந்தவர்களுக்கு அது நம்ப முடியாத காரியம். 1969 அக்டோபர் 29 இரவு லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் செய்தி போனது. 'லாகின்' என்று தட்ட ஆரம்பித்து, எல், ஓ இரண்டு எழுத்து போனதும் அந்தப் பக்கக் கணினி விழுந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் சரிசெய்து மறுபடி அனுப்பினார்கள்.

பிள்ளைகளுக்கு விளக்கத் தபாலை எடுத்துக்கொள். என் கடிதம் நீளம், ஒரு உறையில் அடங்காது; முப்பது உறைகளில் எண் போட்டுப் போடுகிறேன். உறையின் மேல் 612001. இங்கே தபாலை ஊர்வாரியாகப் பிரிப்பவர் முதல் மூன்று எண்ணைப் பார்த்துக் கும்பகோணத்துப் பக்கம் தள்ளுவார். உன் தெரு அவருக்கு வேண்டாம். கடைசி மூன்று எண் அங்கே போனபிறகுதான் தேவை. சில உறை விழுப்புரம் வழியாகவும் சில திருச்சி வழியாகவும் வந்து முன்பின்னாகச் சேரலாம். நீ எண் பார்த்து அடுக்கி, 17 வரவில்லை என்று எழுதினால் அதை மட்டும் மறுபடி போடுவேன். பின்கோடு 1972-இல் வந்தது. வின்ட் செர்ஃபும் பாப் கானும் பலவிதமான வலைகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் விதிகளை எழுதி வெளியிட்டது 1974. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பெரிய பரப்பை எப்படி வகுப்பது என்பதில் இரண்டு தரப்பும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

பாக்கெட்டின் அளவையும் சொல். சாதாரணமாக 1500 பைட் (கணினியில் தகவலை அளக்கும் அலகு). முகவரி முதலானவை சுமார் 40 பைட் எடுத்துக்கொள்ளும். எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடின் UTF-8 முறையில் தமிழுக்கு ஒரு குறிக்கு 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி; 15 பைட். சொல்லுக்கு நடுவே இடம் விட்டு எழுதினால் ஒரு பாக்கெட்டில் 91 முறை 'தமிழ்' என்று எழுதலாம். பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல். தங்கள் பெயருக்கு எத்தனை பைட் என்று அவர்களே எண்ணிப் பார்த்தால் மறக்க மாட்டார்கள்.

இன்னொன்று கட்டாயம் செய். பள்ளிக் கணினியில் டிரேஸ்ரூட் கட்டளையைப் போட்டு, சிங்கப்பூரில் இருக்கும் ஒரு சர்வர் வரை பாக்கெட் எந்தெந்த ரூட்டர் (முகவரி பார்த்துப் பாக்கெட்டை அடுத்த இடத்துக்குத் தள்ளும் கருவி) வழியாகப் போகிறது என்று காட்டு. போன வாரம் என் வீட்டில் போட்டுப் பார்த்தேன். பாக்கெட் போய்த் திரும்ப முதல் சில வரிகளில் நாலு, ஐந்து மில்லி செகண்ட். அடுத்த வரியில் திடீரென்று முப்பத்தைந்தை ஒட்டி ஏறிவிட்டது. அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே வங்காள விரிகுடா கிடக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். போக 16 மில்லி செகண்ட், வர 16. கணக்கு நேராகிறது! இத்தனை வருஷம் இந்தத் துறையில் இருந்தும் அந்த எண்ணைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் புல்லரிக்கிறது.

எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் சாந்தோம் கரை. அந்தக் கேபிள்கள் ஏறும் இடங்களில் அதுவும் ஒன்று. சென்னை–சிங்கப்பூர் கேபிள் 2002-இல் வந்தது. 2020 ஆகஸ்டில் அந்தமானுக்கும் கேபிள் இழுத்தார்கள், சுமார் 2,300 கிலோமீட்டர்; அதுவரை போர்ட் பிளேர்க்காரர்கள் சாட்டிலைட்டை நம்பித் தவித்தார்கள். எல்லாம் ஆகாயத்தில் மிதக்கிறது என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். வெளிநாட்டுப் போக்குவரத்தில் பெரும்பகுதி கடல் தரையில்தான் போகிறது. இதுவும் புதிதல்ல. 1870-71-லேயே சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்திக் கேபிள் போட்டுவிட்டார்கள். உப்புத்தண்ணீர் புகாமல் செம்புக் கம்பியைச் சுற்றி மூடியது கட்டாபெர்ச்சா, மலாய்க் காட்டு மரத்தின் பால்.

2008 ஜனவரி 30 நினைவிருக்கிறதா? எகிப்தில் அலெக்சாண்ட்ரியா அருகே கேபிள்கள் அறுந்து, இந்தியாவின் வெளி இணைப்பில் பெரும் பகுதி போயிற்று. மேற்கே அடைத்த வழிக்குக் கிழக்கே சுற்றிவிட்டார்கள். இன்டர்நெட் மெதுவானதே தவிர, நின்றுவிடவில்லை. பாரன் சொன்னது அதுதான். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் இங்கே பல பகுதிகளில் செல்போன் அடியோடு படுத்துவிட்டது. வலைக்கு நூறு வழி இருந்தாலும் வீட்டிலிருந்து டவருக்குப் போகும் வழி ஒன்றுதான். அங்கே கரண்ட் இல்லையென்றால் என்ன செய்ய முடியும்? இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்.

இப்போது முதல் நாள் கேட்கச் சொன்ன கேள்விக்கு வா. ரூட்டர் முகவரியைப் பார்த்தால் போதும். உள்ளே கல்யாணப் பத்திரிகையா, எக்ஸ்ரே படமா, கிரிக்கெட்டா, அதற்குத் தேவையில்லை. பார்க்க முடியாது என்று நான் சொல்லவில்லை. பூட்டுப் போடாமல் அனுப்பினால் பார்க்கலாம், அதனால்தான் இன்று பெரும்பாலும் பூட்டியே அனுப்புகிறார்கள். நான் சொல்வது, பார்க்க வேண்டிய வேலை அதற்கு இல்லை. ஷாப்பின் கோபுரத்துக்காரர் திரும்பி வந்துவிட்டார். புத்தி நடுவிலிருந்து இரண்டு முனைக்கும் போய்விட்டது. டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் வைய விரிவு வலையை (WWW) யோசித்தபோது கேபிள் போட்டவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் இலாகாவின் டெலிபோனில் ஒரு புது வசதி வேண்டுமென்றால் எக்ஸ்சேஞ்சையே மாற்ற வேண்டும். எத்தனை கோப்பு, எத்தனை கையெழுத்து!

இதில் நமக்கென்று ஒரு சாட்சியும் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 15-இல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தபோது அதில் தமிழ் ஓட வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. நடுவில் போவது வெறும் பூஜ்யமும் ஒன்றும். அதனால் இந்த முனையில் எழுத்துரு செய்தவரும் அந்த முனையில் அதையே வைத்திருந்தவரும் சேர்ந்தால் போதும், தமிழ் போய்விடும். சென்னையிலும் சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருந்தவர்கள் ஆளுக்கொரு எழுத்துரு செய்தார்கள். ஒருவருடையது இன்னொருவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, சண்டைகூட வந்தது. 1999 பிப்ரவரியில் இங்கே சென்னையில் மாநாடு கூடி விசைப்பலகையை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். நான் இதைத் தட்டிக்கொண்டிருப்பது அந்தத் தமிழ்99-இல்தான். நூற்றைம்பது வருஷத்துத் தந்தி தராத இடத்தை இந்த வலை கேட்காமலே கொடுத்திருக்கிறது. பிள்ளைகளிடம் இதை அழுத்திச் சொல், தயவுசெய்து.

எனக்குக் கவலை ஒன்று உண்டு. நடுவில் யாருக்கும் அதிகாரம் இல்லாமல் கட்டிய வலையின் முனைகளில் இப்போது நாலைந்து பெரிய கம்பெனிகள் உட்கார்ந்துவிட்டன. நாம் இரண்டு பேர் பேசுவதும் அவர்கள் கட்டடத்துக்குள் போய்த்தான் வருகிறது. இதற்கு என்ன செய்யலாம் என்று உன் பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது. அவர்கள் வாயிலிருந்து வருவதை எனக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

டிரேஸ்ரூட் போடுவதற்கு முன்னால் பள்ளி இணைப்பில் அந்தக் கட்டளைக்குப் பதில் வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்; சில இடங்களில் தடுத்து வைத்திருப்பார்கள், அப்போது நட்சத்திரக் குறிதான் வரும். வரவில்லையென்றால் எனக்கு ஃபோன் பண்ணு, வகுப்பு நேரத்திலேயே இங்கிருந்து போட்டுத் திரையைக் காட்டுகிறேன். செவ்வாய், வியாழன் காலை தவிர எந்த நாளும் சரி. அந்த இரண்டு நாளும் உன் தங்கச்சியைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். மார்கழிக் கச்சேரிக்கு வருவதாகச் சொன்னாயே, டிக்கெட் போட்டுவிட்டாயா? மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் மயிலாப்பூர் நண்பன்