கோயில் திருப்பத்து விளக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஊர்களின் உள்ளூராட்சி மன்றங்களான பிரதேச சபைகள் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும் நாட்கள் நெருங்குகின்றன. அதற்குமுன் இதைச் சொல்லிவிட வேண்டுமென்றே எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கோயில் திருப்பத்தில் ஒரு வீதி விளக்கு இருக்கிறது. சபை பொருத்திக் கொடுத்தது. ஒரு மழை இரவில் அணைந்து போனது. சபை அலுவலகத்துக்குப் போனோம். "அது தோட்டப் பாதை, துரையிடம் கேளுங்கள்" என்றார்கள். துரை என்றால் தோட்ட முகாமையாளர். தோட்ட அலுவலகத்துக்குப் போனோம். "விளக்கு சபையுடையது, நாங்கள் கை வைக்க முடியாது" என்றார்கள். இப்படியே பதினான்கு மாதம் ஓடிவிட்டது. டவுனுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன்பே அந்தப் படிக்கட்டில் இறங்குகிறார்கள். கீழ் லயத்தில், அதாவது கீழ் வரிசை வீடுகளில், அம்மாவிடம் விட்டுப் போகப் பிள்ளை ஒரு தோளில், வழிக்கு வெளிச்சம் காட்டப் போன் மறு கையில். சாப்பாட்டுப் பையின் காதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு ஒருத்தி இறங்குவதை நானே பார்த்தேன். படியெல்லாம் பாசி. இதுவரை யாரும் விழாதது தெய்வாதீனம்.

முன்பு இதற்குச் சட்டத்தைக் காரணம் காட்டலாம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்குக் கேட்க மட்டும் லயத்துக்கு வந்தார்கள், பாதை போட வர முடியவில்லை. முப்பது ஆண்டு அப்படியே இருந்துவிட்டோம். 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவ, நுவரெலியா என்றிருந்த இரண்டு பிரதேச சபைகளைப் பிரித்து, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனையையும் சேர்த்து ஆறாக்கினார்கள். பெரிய வேலைதான், மறுக்கவில்லை. அப்புறம் 2023 மார்ச்சில் சபைகள் கலைந்தன. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை, குறை சொல்லப் போனால் கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை. இப்போது சட்டமும் இருக்கிறது, சபையும் இருக்கிறது. ஆனால் நிலமும் பாதையும் இன்னும் கம்பனி கையில். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போனதிலிருந்து, ஒரு கானை, அதாவது வடிகாலை, வெட்டுவதற்கும் துரையின் சம்மதம் வேண்டும்.

அப்படியென்றால் சபை, கம்பனி, ஜனங்கள் மூன்று பேரும் கை சேர்ந்தால்தான் எதுவும் நடக்கும். இதை எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். மேடையில் சொன்னதை யாரும் தாளில் எழுதுவதில்லை என்பதுதான் என் கவலை.

எழுதினால் என்ன நடக்கும் என்பதையும் எங்கள் தோட்டத்திலேயே பார்த்தேன். மேல் லயத்துக்குப் போகும் பாதையில் கான் இடிந்து, குப்பை எடுக்க வரும் சபை டிரக்டர் ஏற முடியாமல் போனது. ஜனங்கள் குப்பையைத் தேயிலை மலையோர ஓடையில் கொட்டத் தொடங்கினார்கள். அந்த ஓடைத் தண்ணீர்தான் கீழே நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு வருகிறது. மாதர் சங்கத்துப் பெண்கள் முதலில் சபைக்குப் போனார்கள், பிறகு தோட்ட அலுவலகத்துக்கு. கடைசியில் இரண்டு பக்கத்து ஆட்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்துக்கே அழைத்துவிட்டார்கள். சபை சீமெந்தும் குழாயும் தரும், கம்பனி கருங்கல் தரும், கூலியில்லாமல் உழைக்கும் சிரமதானம் எங்களுடையது. இது வழமையான பேச்சு. ஆனால் அன்று ஒரு பெண் கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து, கான் மறுபடி இடிந்தால் யார் கட்டுவது, எத்தனை நாளுக்குள், டிரக்டர் எந்தக் கிழமை வரும் என்று கேட்டுக் கேட்டு எழுதினாள். மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த மழைக் காலத்தில் கான் ஓரிடத்தில் இடியத்தான் செய்தது. தாளைக் காட்டினோம், பன்னிரண்டு நாளில் கட்டி முடித்தார்கள். துரை மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்தார், அவரும் அந்தத் தாளைப் பார்த்துச் சரி என்றார். டிரக்டர் இன்றைக்கும் வியாழக்கிழமை வருகிறது.

விளக்குக்கு மட்டும் அப்படி ஒரு தாள் இல்லை.

தவிசாளர்களிடமும் உறுப்பினர்களிடமும் நான் கேட்பது இதுதான். தோட்டத்துக்குள் சபை செய்யும் ஒவ்வொரு வேலைக்கும், அடிக்கல் நடுமுன், பராமரிப்பு யார் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வரவு செலவுத் திட்டத்திலும் கட்டுவதற்கு மட்டும் பணம் ஒதுக்காமல், பழுது பார்ப்பதற்கென்று ஒரு தொகையைத் தனியே வையுங்கள். அந்தத் தாளின் பிரதி ஒன்று ஜனங்கள் கையில், சனசமூக நிலையத்திலோ கோயில் கமிட்டியிடமோ இருக்க வேண்டும். சபையிலும் கம்பனியிலும் ஆள் மாறும்போது கோப்பு காணாமல் போவது எங்களுக்குப் பழகிப்போன விசயம்.

இன்னொன்று. அதே சட்டத்தின் 12ஆவது பிரிவு, உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக் குழுக்கள் அமைக்கச் சபைக்கு அதிகாரம் தருகிறது. வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவை, சுற்றாடலும் வசதிகளும் என்று அவற்றுக்குப் பெயரே இருக்கிறது. கொழுந்து பறிக்கும் ஒரு பெண் அந்தச் சுற்றாடல் குழுவில் உட்கார்ந்திருந்தால், எந்த ஓடையில் குப்பை விழுகிறது, எந்தப் படியில் பாசி பிடித்திருக்கிறது என்று அவள் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுவாள். கூட்டத்தைப் பகல் வேளையில் வைத்தால் அவளுக்கு ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும், ஆகவே மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வையுங்கள்.

தோட்டத்தின் பெயரை நான் எழுதவில்லை. மலையகத்தில் அணைந்து கிடக்கும் விளக்கு எங்களுடையது ஒன்றுதானா? அடுத்த மாதச் சபை அமர்வுக்கு முன்னால், அந்தக் கொப்பித் தாளைப் பார்த்து விளக்குக்கும் ஒன்று எழுதி எடுத்துப் போகிறோம். மூன்று கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை,
நுவரெலியா மாவட்டம்.