நண்பருக்கு என்று கேட்ட மாத்திரை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கத்திரி தொடங்கிவிட்டது. பகலில் வாங்கிய சூட்டை மொட்டை மலைகள் விடிகிறவரை கக்குகின்றன.

அப்பா போடும் நீர் மாத்திரையின் பெயரைக் கேட்டிருந்தாய், அறை நண்பருக்கு என்று. அது குளோர்தாலிடோன், 12.5 மில்லிகிராம், காலையில் மட்டும். ஆனால் அந்தப் பிள்ளை அதைக் கடையில் வாங்கிப் போட வேண்டாம்.

வார்டிலேயே தலை நரைத்தவள் சொல்கிறேன். அப்பாவுக்கு இருப்பது வயதோடு வந்த ரத்தக் கொதிப்பு. உப்பைச் சிறுநீரில் கூடுதலாகக் கழித்தால் இறங்கிவிடுகிறது. பெரியம்மாவுக்குச் சிறுநீரகமே தளர்ந்து கால் வீங்கியதால் ஃபுரோசமைட் என்ற வேறு நீர் மாத்திரை. நண்பருக்கு 35 வயதுகூட ஆகவில்லை, இரண்டு மாத்திரைக்கும் இறங்கவில்லை, இரவில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கிறது என்றாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பொட்டாசியம் குறைந்தாலும் அப்படிப் பிடிக்கும். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அளவுமீறிச் சுரந்தால், உடம்பு உப்பைப் பிடித்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். அந்த நிலையில் அப்பாவின் மாத்திரை பொட்டாசியத்தை இன்னும் இறக்கும்; இதயத் துடிப்பே தடுமாறலாம். அதற்கு உரியது ஸ்பைரோனோலாக்டோன். அதையும் ரத்தம் பார்த்துத்தான் தருவார்கள், அது பொட்டாசியத்தை ஏற்றிவிடும் என்பதால். ஒரு பக்கச் சுரப்பியில் மட்டும் கட்டி என்றால் அறுவை சிகிச்சையிலேயே தீர்ந்துபோகவும் கூடும்.

தங்கை கல்யாணக் கடனை ஒருவனாக அடைத்தாய். தெருவே உன்னைக் காட்டித்தான் பிள்ளைகளைக் கண்டிக்கிறது. அவ்வளவு செய்தவனுக்குப் பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையா? பொங்கலுக்கு வந்தபோது ஊறுகாயை ஒதுக்கினாய். நள்ளிரவில் திண்ணையில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். கேட்டால் மழுப்புவாய் என்றுதான் கேட்கவில்லை.

கடையில் வாங்காதே. உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் போடாதே, கொதிப்பை ஏற்றும். இருமலுக்கு நான் கட்டிக் கொடுத்த அதிமதுரம் மீதி இருந்தால் கொட்டிவிடு. அதுவும் பொட்டாசியத்தை இறக்கிக் கொதிப்பை ஏற்றும். மறுபடியும் சொல்கிறேன், கடையில் வாங்காதே.

வங்காளத்திலிருந்தெல்லாம் வைத்தியத்துக்குக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். வேலூரில் பிறந்தவன் புனேயில் மருந்துக் கடைக்காரரை நம்பலாமா? ரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரகம் சுரக்கும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் மூன்றையும் பார்க்க வேண்டுமா என்று அங்குள்ள மருத்துவரிடம் கேள். சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பு, அப்பாவுக்கு வேண்டாம், பயந்துவிடுவார். இங்கே வந்து காட்டுவதானால் முன்கூட்டியே சொல். சுரப்பி மருத்துவரிடம் நாள் வாங்க வேண்டும்.

அம்மா