செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்கத்தின் அன்பு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நமது சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி மிட்டாய் வழங்கினோம். புரட்டாசியில் ஊருணிக் கரையில் பனைவிதை நட்டோம். பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. செயற்குழுவுக்கு ஆறு முறை அழைப்பு அனுப்பினேன். நான்கு முறைதான் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை, சேர்ந்தது.

இனி, கடைத்தெரு அண்ணாச்சி கடை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "காலி டப்பாவையும் துருப்பிடித்த தகரத்தையும் வைத்துக்கொண்டு சங்கம் என்ன செய்யப்போகிறது?" என்று சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டார். அன்று நேரம் இல்லாமல் போனது. இன்று பதில் சொல்கிறேன்.

அண்ணாச்சி காலமான பிறகு கடை பூட்டியே கிடந்தது. சரக்கு, தராசு, கல்லாப்பெட்டி, கணக்கு நோட்டு என எதையும் யாரும் தொடவில்லை. சித்திரையில் அவர் பிள்ளைகள் என்னை அழைத்தார்கள். பழம்பொருள் வாங்குபவர் ஒருவர் மொத்தமாக விலை பேசிவிட்டதாகவும், ஊர் கேட்டால் ஊருக்கே கொடுப்பதாகவும் சொன்னார்கள். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கண்ணாடி ஜாடி ஒரு ஹோட்டலுக்குப் போகும், எனாமல் போர்டு ஒரு பங்களாச் சுவருக்குப் போகும். அது அவர்கள் தொழில், குறை சொல்லவில்லை. ஆனால் தராசு எங்கும் கிடைக்கும். அந்தத் தராசு, அதன் பக்கத்தில் அண்ணாச்சி உட்கார்ந்து தேய்ந்த பலகை, உத்தரத்தில் தொங்கும் சணல் டப்பா, பொட்டலம் கட்ட அடுக்கி வைத்த பழைய பேப்பர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருப்பது இந்த ஒரு கடையில்தான். கலைத்துவிட்டால் திரும்பச் சேர்க்க முடியாது. ஆகவே கடையை இரண்டு ஆண்டுகளுக்குச் சங்கத்தின் பொறுப்பில் வைக்கக் குடும்பத்தாரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெற்றேன்.

வாசலில் பதினோரு பலகைக் கதவுகள். ஒவ்வொன்றிலும் தமிழ் எண் செதுக்கியிருக்கிறது. வரிசை மாறினால் பள்ளத்தில் உட்காராது. முதல் நாள் அவற்றைக் கழற்றவே ஒரு மணி நேரம் ஆனது. உள்ளே பெருங்காயமும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை அப்படியே இருந்தது.

எதையும் நகர்த்தும் முன் தட்டு தட்டாகப் படம் எடுத்தோம். அப்புறம் ஒவ்வொரு பொருளுக்கும் எண் எழுதிய சீட்டைப் பருத்தி நூலில் கட்டி, எந்தத் தட்டில் எந்த இடம் என்று பதிவேட்டில் எழுதினோம். இதுவரை 640 பொருள்கள் முடிந்துள்ளன. கோபால் பல்பொடி, அமிர்தாஞ்சன், சிவகாசித் தீப்பெட்டிகள், மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளின் ரசீது குத்திய கம்பி எல்லாம் இதில் அடக்கம். வீசைக் கல்லும் கிலோ கல்லும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. 40 பலம் ஒரு வீசை, இன்றைய கணக்கில் சுமார் 1.4 கிலோ. மெட்ரிக் எடை வந்த பிறகும் வீசை கேட்டு வந்த கிழவிகளுக்காக அண்ணாச்சி அதை வைத்திருந்தார் என்பது என் ஊகம். எடைக்கல்லின் அடிக்குழியில் ஊற்றிய ஈயத்தில் முத்திரை இன்னும் தெரிகிறது.

கல்லாவுக்கு மேலே சுவரில் பென்சிலால் எழுதியது: 1 அணா 6, 2 அணா 12, 3 அணா 19, 4 அணா 25. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பது போய், 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு நூறு நயா பைசா வந்தபோது அண்ணாச்சி தன் கைக்கு எழுதிக்கொண்ட கணக்கு. இரண்டணா கொடுத்தவருக்கு அரை நயா பைசா நஷ்டம், மூன்றணா கொடுத்தவருக்குக் கால் பைசா லாபம். இதே சுவருக்கு "சுத்தமாக இருக்கட்டுமே" என்று நம்மில் சிலர் சுண்ணாம்பு அடிக்க ஆள் கூட்டி வந்துவிட்டார்கள். நான் அன்று கடுமையாகப் பேசியதாக வருத்தம் இருப்பதை அறிவேன். குரலை உயர்த்தியதற்கு வருந்துகிறேன், தடுத்ததற்கு வருந்தவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தைய வாரம்தான் பித்தளை அளவுப் படியைப் புளி போட்டுத் தேய்த்ததில், விளிம்பில் கீறியிருந்த பழைய குறிகள் பாதி போய்விட்டன. இனி துணியும் மென்மையான பிரஷும் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டிய வேலை என்றும் சொன்னார்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி பொதுவாக நூறு ஆண்டு ஆன பொருள்தான் தொல்பொருள். அண்ணாச்சியின் சரக்குக்கு அந்த வயது ஆகவில்லை. அந்த வயது வரும்வரை அதைக் காப்பாற்றச் சட்டம் வராது, நாம்தான் வர வேண்டும்.

பற்று நோட்டுகள் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, 'லாபம்', மஞ்சள் குங்குமம். உள்ளே ஊர்க் குடும்பங்களின் கடன். "எங்கள் தாத்தா பெயர் சந்தி சிரிக்க வேண்டுமா, எரித்துவிடுங்கள்" என்று இரண்டு வீட்டார் வந்தார்கள். அவர்கள் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நோட்டில் நான் கண்டது அவமானம் அல்ல. ஆடி, ஆவணியில் பற்று ஏறுகிறது. தை, மாசியில் நெல் வீட்டுக்கு வந்ததும் வரவு விழுகிறது. மழை பொய்த்த வருடம் தையிலும் வரவு இல்லை. நம் ஊரின் விளைச்சல் கணக்கு வேறெங்கும் இப்படி இல்லை. ஒரு பக்கத்தில் 'குழந்தைக்கு கிரைப் வாட்டர்' என்று நான்கு முறை எழுதி, கடைசியில் வேறு மையில் மொத்தத்தையும் அடித்திருக்கிறது. வரவு இல்லை.

இதைப் போன்ற இன்னொரு கடையைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் ஜான் டே என்ற சிற்றூர். அங்கே இங் ஹே, லங் ஆன் என்ற இரு சீனர்கள் காம் வா சங் என்ற பலசரக்கு, மருந்துக் கடை நடத்தினார்கள். 1948-இல் இங் ஹே சிகிச்சைக்காக ஊரைவிட்டுப் போனார், திரும்பவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டு பூட்டிக் கிடந்த கடையைத் திறந்தபோது மூலிகைப் பெட்டிகளும் டப்பாக்களும் அப்படியே இருந்தன. அவர் கட்டிலுக்கு அடியில் 23,000 டாலருக்கும் மேல், மாற்றப்படாத காசோலைகள்! அந்தக் கடை இன்று அருங்காட்சியகம். 2005-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். கடனை வசூலிக்காமலே அடித்துவிட்ட நம் அண்ணாச்சியின் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கட்டில்தான் நினைவுக்கு வந்தது. ஆகவே நோட்டுகளை எரிப்பதில்லை, பெயர்களை மறைத்துத்தான் காட்சிக்கு வைப்பது என்று செயற்குழு தீர்மானித்தது. தங்கள் வீட்டுப் பக்கத்தை அந்தந்தக் குடும்பத்தார் தனியே வந்து பார்க்கலாம். மஞ்சள் தடவிய ஓரங்களைப் பூச்சி அரிக்கத் தொடங்கியிருக்கிறது. லேமினேஷன் செய்தால் காகிதம் கெடும் என்பதால், தாள்களுக்கு நடுவே அமிலமற்ற காகிதம் வைக்க வேண்டும். அதற்குச் செலவு உண்டு.

செலவு என்றதும் சந்தா. உறுப்பினர்கள் 112 பேர். ஆண்டுச் சந்தா 300 ரூபாய். செலுத்தியவர்கள் 47 பேர். மூன்று ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்களும் உண்டு. பெயர் சொல்ல விரும்பவில்லை. ஞாயிறு வேலைக்கு வருவதாகப் பெயர் கொடுத்தவர்கள் பதினெட்டுப் பேர். தொடர்ந்து வந்தவர்கள் மூவர், அதில் இருவர் பள்ளி மாணவிகள். பழைய நோட்டில் உள்ள மாகாணி, அரைக்கால் போன்ற பழைய பின்னக் குறிகளைப் படித்துச் சொன்ன எண்பது வயது உறுப்பினர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. கரையான் மருந்து, மின் கட்டணம், கூரை ஓடு ஆகியவற்றுக்குச் செலவானது. அவசரத்துக்கு என் கையிலிருந்து போட்டதைக் கணக்கில் சேர்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

கடையைத் தந்த குடும்பத்தாருக்கும், தலைவர், பொருளாளர், பந்தல், ஒலிபெருக்கி உதவியோருக்கும் நன்றி.

வரும் ஆண்டுடன் ஒப்புதல் காலம் முடிகிறது. அதற்குள் பதிவேடு முடிந்து, கடையை மக்கள் பார்க்கத் திறந்திருந்தால், குடும்பத்தார் நீட்டித்துத் தருவார்கள் என நம்புகிறேன். முடியாவிட்டால் அந்தப் பழம்பொருள் வியாபாரி மீண்டும் வருவார். செயலாளர் பொறுப்பை இளைஞர் யாரேனும் ஏற்றால் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். சாவி மட்டும் என்னிடம் கொஞ்ச நாள் இருக்கட்டும். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குக் கடையில் இருப்பேன். பலகைகளைக் கழற்றி மாட்ட இரண்டு பேர் வேண்டும். ஏழாம் பலகை கனமானது, என் ஒருவனால் தூக்க முடிவதில்லை.

இப்படிக்கு,
செயலாளர்