ஆடிவேலுக்கு வெறுங்காலோடு நடக்கப்போகும் நீரிழிவுக்காரருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆடி நெருங்குகிறது. கொழும்பு ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவில் இருந்து முருகனின் வேல் தேரில் புறப்படும்போது வெறுங்காலோடு பின்னால் நடப்பவர்களில் சீனி வருத்தக்காரர்களும் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 66. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் 30 வருடத்துக்கு மேல் கணக்கெழுதினேன். 2003இல் சீனி இருப்பதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து என் கவனம் முழுக்க வாயில்தான் இருந்தது. பிளேன்டீக்குச் சீனி போடுவதை விட்டேன். இரவுச் சோறு குரக்கன் பிட்டானது. பாண் என்றால் இரண்டு துண்டுக்கு மேல் இல்லை. மெட்போமின் குளிசையைத் தவறவிட்ட நாட்கள் மிகக் குறைவு. மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி 7க்கும் 8க்கும் நடுவில் நின்றது. கிளினிக்கில் கொப்பியைப் பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், குளிசை எழுதி அடுத்த திகதியைக் குறித்துக் கொடுப்பார்கள். அத்தனை வருடத்தில் ஒருநாள்கூட "செருப்பைக் கழற்றுங்கள், காலைப் பார்ப்போம்" என்று யாரும் சொன்னதில்லை. நானும் காட்டியதில்லை. வலி இருந்தால்தானே காட்டுவதற்கு?

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடிவேல். உச்சி வெயில், தார் ரோட்டு. என்னோடு வந்தவர்கள் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, கடையோர நிழலையும் யாரோ தண்ணீர் ஊற்றிவிட்ட இடங்களையும் தேடித் தேடிப் போனார்கள். எனக்குச் சூடே தெரியவில்லை. முருகன் என் காலைக் குளிர வைத்திருக்கிறான் என்று கண் கலங்கியபடி நடந்தேன். அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி கேட்டாள், "தாத்தா, நிலமெல்லாம் என்ன ஈரம்?" திரும்பிப் பார்த்தேன். நான் நடந்து வந்த வழியெல்லாம் என் காலடி. உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அப்போதும் வலி இல்லை. வலிக்கவில்லை என்பதால் மஞ்சளும் நல்லெண்ணெயும் வைத்துக் கட்டிவிட்டு இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல். அப்புறம் 19 நாள் ஆஸ்பத்திரி வாட்டில் படுக்கை. சுண்டுவிரலை எடுத்தார்கள். புண் முழுதாக மூட ஐந்து மாதம் போனது.

வாட்டில் ஓர் இளம் டொக்டர் பிடி வைத்த ஒரு நைலோன் நூலைக் கொண்டுவந்தார். கண்ணை மூடச் சொன்னார். பாதத்தில் நூல் படும்போதெல்லாம் "ஆம்" என்று சொல்ல வேண்டும். நான் காத்திருந்தேன். காத்திருந்து பார்த்துவிட்டு, "எப்போது தொடங்குவீர்கள்?" என்று கேட்டேன். "தொட்டு முடித்துவிட்டேன், ஐயா" என்றார்.

பிறகு எனக்கு விளங்கும்படி சொன்னார். இரத்தத்தில் சீனி கூடியபடியே வருடங்கள் போனால் நரம்புகள் கெடும். உடம்பில் நீளமான நரம்புகள் முதலில் கெடுவதால் கால் விரல் நுனியில்தான் தொடங்கும். சிலருக்கு எரிவு, ஊசி குத்துவது போன்ற விறைப்பு வரும். சிலருக்கு என்னைப் போல ஒன்றுமே தெரியாமல் உணர்ச்சி போய்விடும். காலுக்கு இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சின்னப் புண்கூட ஆறாது.

இப்போது ஒவ்வோர் இரவும் மனைவி டோர்ச் பிடிக்க, நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைக்கிறேன். கால் ஆணியைப் பிளேட்டால் சீவுவதை விட்டுவிட்டேன். சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவாமல் காலை வைப்பதில்லை. ஒருநாள் அதற்குள் கிடந்தது ஒரு போத்தல் மூடி. முன்பென்றால் அதை மிதித்துக்கொண்டே நாள் முழுக்க நடந்திருப்பேன்.

கோயில் அறங்காவலர்களிடம் ஒரு வேண்டுகோள். கருங்கல் வீதியும் சீமெந்துத் தரையும் பகலில் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திருவிழா நாளில் மட்டும் சாக்கு விரித்துத் தண்ணீர் தெளிப்பது போதாது. வெளிவீதியில் எப்போதும் தும்பு விரிப்புப் போடுங்கள். சீனி வருத்தக்காரர்கள் சுத்தமான துணிக் காலுறையோடு வலம் வர இடம் கொடுங்கள். நேர்த்தி வைத்தவர்கள் மனம் சங்கடப்படுவார்கள் என்பது எனக்குத் தெரியும், நானும் நேர்த்திக்காகத்தான் நடந்தேன். விரல் போன பிறகு ஒரு குருக்களிடம் கேட்டேன். "விளக்கேற்றி நேர்த்தியைத் தீர்த்துவிடுங்கள். காலைக் கெடுத்துக்கொண்டு வரச் சொல்லி முருகன் கேட்கவில்லை" என்றார்.

சுகாதார அதிகாரிகளிடமும் ஒன்று கேட்கிறேன். விடியக் காலையில் இருந்து வாங்கில் காத்திருக்கிறோம். அந்த நேரத்தில் ஒரு தாதி வரிசையாகக் கால்களைப் பார்த்து, அந்த நூலால் தொட்டுக் கொப்பியில் எழுதிவிடலாம். ஒருவருக்கு சில நிமிடம் போதும். வருடத்துக்கு ஒரு தடவையாவது இது எல்லோருக்கும் நடக்க வேண்டும். நடக்காவிட்டால், நோயாளிகளே, நீங்களே செருப்பைக் கழற்றிவிட்டு டொக்டர் முன்னால் காலை நீட்டுங்கள். மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

இந்த ஆடிவேலுக்கும் நான் வருவேன். செட்டியார் தெருவில் தெரிந்த ஒருவரின் கடை வாசலில் செருப்போடு நின்று கும்பிடுவேன். தேருக்குப் பின்னால் நடக்கிறவர்களே, எல்லோரும் சூடு தாங்காமல் துள்ளும்போது உங்கள் பக்கத்தில் ஒருவர் மட்டும் ஆறுதலாக நடந்துபோனால், அவரை நிழலுக்குக் கூட்டிப்போய் உள்ளங்காலைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13